தவிட்டில் கலந்த பாசி

1983 மே 24, காலை ஏழேகால். லால்குடியிலிருந்து வந்த பஸ் ஏரிக்கரையில் நின்றது. இருதயநாதன் மட்டும் இறங்கினார். திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். பையில் ஆறு கண்ணாடிப் பாட்டில்கள். நான்கு வருஷமாக மாதம் ஒருமுறை வந்து, இந்த ஏரித் தண்ணீரை எடுத்துப்போய், அதில் உப்பையும் பாசியையும் அளந்து நோட்டில் எழுதிவந்தார்.

கரையில் மூன்று பேர் நின்றார்கள். ஏரிக்குக் கீழே வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருந்த பெரியண்ணன் முதலில் பார்த்தார்.

“வந்துட்டாருய்யா பாட்டில் சாரு. வாங்க சார், உங்க வெள்ளாமையப் பாருங்க.”

மற்ற இருவரும் சிரித்தார்கள்.

ஏரியில் கால்வாசிதான் தண்ணீர். மற்றதெல்லாம் வெடித்த சேறு. போன மாதம் பெயிண்டைக் கொட்டியது போலக் கெட்டியாக இருந்த பச்சை இன்று வெளுத்து, திட்டுத் திட்டாகப் பிரிந்து கிடந்தது. நாற்றம் தாங்கவில்லை.

“என்ன போட்டீங்க?”

“மயில்துத்தம். கொடிக்காலுக்கு வாங்கி வச்சது. முந்தாநாளு ஒரு மூட்டையக் கரைச்சு விட்டேன். செத்துச்சா இல்லையா?”

“பாசி செத்துச்சு. பாசிக்குள்ள இருக்கிற விஷம் சாகலை. பாசி உயிரோட இருந்தா விஷம் பாதி அதுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கும். இப்ப மொத்தமும் தண்ணிக்கு வந்திருக்கும்.”

“விஷமா?” பெரியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “நீலப்பச்சைப் பாசி நல்லது, செலவில்லாத யூரியான்னு மைக்கைப் பிடிச்சு ஒரு மணி நேரம் பேசினது யாரு சார்? நானா?”

பேசியது இருதயநாதன்தான். இரண்டு வருஷத்துக்கு முன், இந்த ஊரில் நடந்த மாணவர் முகாமில். வயலில் தூவப் பாசிப் பொட்டலமும் கொடுத்தார்.

“அது வேற பாசி. காத்துல இருக்கிற சத்தைப் பிடிச்சு வயலுக்குத் தரும். இது அந்தப் பொட்டலத்துல இருந்து வந்ததில்லை. மேல் வயல்கள்ல போட்ட உரமெல்லாம் வடிஞ்சு ஏரிக்குத்தான் வருது. ரெண்டு வருஷமா மழை இல்லை. தண்ணி வத்துச்சு, உரமும் உப்பும் தங்கிடுச்சு. உப்பு ஏற ஏற மத்த பாசியெல்லாம் ஒண்ணொண்ணாப் போயிடுச்சு. தாங்கினது இது ஒண்ணுதான்.”

“இதுவும் நீலப்பச்சைதானே?”

“ஆமா.”

“அப்புறம் என்ன சார்.”

இருதயநாதன் பாட்டில்களை எடுக்கவில்லை. கரைச் சரிவில் மாரியாயி ஏறி வந்தாள். இரண்டு எருமைகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவள்.

“சார், ஞாயித்துக்கிழமை ஒண்ணு செத்துப்போச்சு. இன்னொண்ணும் அதே மாதிரி நிக்குது. ஒரு எட்டு வந்து பாருங்க.”

“நான் மாட்டு டாக்டர் இல்லம்மா.”

“தெரியும் சார். வாங்க.”

எருமை கொட்டகையில் காதுகள் தொங்க நின்றது. கண்கள் மஞ்சளாக இருந்தன. முன்னால் மண்தொட்டியில் தவிடு. அதில் காய்ந்த பச்சைச் செதில்கள். இருதயநாதன் குனிந்து ஒரு செதிலை எடுத்தார்.

“இது என்னம்மா?”

“பாசிதான் சார். வைக்கோல் இல்லை. வயலுக்குச் சத்துன்னு நீங்க சொன்னீங்க. வயலுக்குச் சத்துன்னா மாட்டுக்கும் சத்துதானே? தெனம் ஒரு கூடை அள்ளிட்டு வந்து காயவச்சுக் கலந்தேன்.”

“எத்தனை நாளா?”

“ஒரு மாசமா. காசு குடுத்து வாங்க வேணாம் பாருங்க.”

அது வேறு பாசி என்று சொல்ல வாயெடுத்தார். செதிலைத் தொட்டியிலேயே போட்டார்.

“கொட்டிடுங்க.”

அவள் கோழிகளை விரட்டிவிட்டுத் தொட்டியைக் கொட்டினாள். மண்ணைப் போட்டு மூடினாள்.

“இனிமே சரியாயிடுமா?”

“ஈரல் கெட்டுப்போயிருந்தா மருந்து இல்லம்மா.”

அவள் எருமையின் கழுத்தைத் தடவினாள். “வயித்துல கன்னு இருக்கு சார்.”

இருதயநாதன் ஏரிப் பக்கம் கை காட்டினார்.

“ஏரித் தண்ணியக் காட்டாதீங்க. அந்தப் பக்கமே ஓட்டாதீங்க.”

“கெணத்துத் தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது. உப்புக் கரிக்குது. நாங்களே ரெண்டு மைல் நடந்து குடத்துல கொண்டு வர்றோம், ஆளுக்கு ஒண்ணு.”

அந்தக் கிணற்றையும் அவர் அளந்திருந்தார். தை மாதத்தில். தப்பாக அளந்துவிட்டோமோ என்று மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் அதே எண். நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டுவைத்தார்.

“காவேரியில தண்ணி விட்டுட்டாங்களா சார்?”

காலையில் ஸ்ரீரங்கத்துக்கு வரும் பாலத்தைத் தாண்டும்போது காவேரியில் நடுவாற்றில் லாரி நின்று மணல் அள்ளிக்கொண்டிருந்தது.

“இல்லம்மா.”

எருமை கழுத்தை நீட்டிக் காலித் தொட்டியின் அடியை நக்கியது. நிறுத்தவில்லை. மாரியாயி கயிற்றைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள்.

“நேத்திலேர்ந்து தாகம் சார் அதுக்கு. நான் எந்தத் தண்ணியக் காட்டட்டும்?”