ஒரு கம்பத்துக்கு ஒன்பது நொடி

கந்தர்வகோட்டைப் பக்கம் மின்வாரியத்தில் வயர்மேனாக இருக்கும் முத்துராஜுக்கு வருகிற கார்த்திகையில் ஐம்பது வயது முடிகிறது. அதற்குள் பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது ஓடிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு பந்தயங்களில் முயன்று பார்த்தாயிற்று. முதலில் நான்கு நிமிடம் கூடுதல், அடுத்ததில் மூன்று. சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டரே, "உங்கள ஓடச் சொன்னது யாருங்க?" என்று கேட்டுவிட்டார்.

தூரத்தை அளக்க அவர் போன், கருவி எதையும் நம்புவதில்லை. முந்திரிக்காட்டு ரோட்டில் ஐம்பது மீட்டருக்கு ஒரு மின்கம்பம். இருபது கம்பம் ஒரு கிலோமீட்டர். கையில் பழைய கடிகாரம் ஒன்று. அவ்வளவுதான்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரும் மனைவி செவந்தியும் போனில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சொச்சம் ஓடுகிற வெளிநாட்டு மாரத்தான் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஓடிய கென்யாக்காரர், மேசையிலிருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுக்கும்போது தவறவிட்டார். நின்று திரும்பி எடுப்பதற்குள் மற்றவர்கள் நூறு மீட்டர் போய்விட்டார்கள்.

"அய்யய்யோ, விரட்டிப் புடிக்காம என்னங்க இப்புடி நிதானமாப் போறாரு?" என்றாள் செவந்தி.

உண்மைதான். அந்த மனிதர் பதறவில்லை. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் நாலைந்து நொடியாகக் கிள்ளிக் கிள்ளி எடுத்து, நாலு கிலோமீட்டர் தாண்டித்தான் கூட்டத்தைத் தொட்டார். முத்துராஜ் அந்த இடத்தை மட்டும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.

"கிலோமீட்டருக்கு மூணு நிமிஷம் புள்ள. அப்ப ஒரு கம்பத்துக்கு ஒம்பது செகண்டு."

"அங்க கொண்டுபோயும் கம்பத்த நட்டுட்டீங்களா?"

மறுநாள் விடிந்ததும் அதைச் செய்து பார்த்தார். முதல் கம்பம் ஒன்பது நொடி. இரண்டாவதும் ஒன்பது. மூன்றாவதற்குப் பதினொன்று. நான்காவது கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கூட வேலை பார்க்கும் சார்லஸ் அந்த வழியாக வந்தவன் பைக்கை நிறுத்தினான்.

"என்னண்ணே, கரண்டு இருக்கான்னு கட்டிப்புடிச்சுப் பாக்குறீங்களா?"

"டேய் சார்லஸு... இதே மாதிரி எண்ணூத்தி நாப்பத்தி நாலு கம்பம் ஓடுறாருடா ஒரு மனுசன்."

"ஓடட்டும்ணே. அதுக்கு நம்ம ஏன் சாகணும்?"

அவன் போனபிறகும் முத்துராஜுக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. நாலு கம்பத்தில் தன் உயிரை உருவிவிட்ட வேகம், அங்கே ஒருவருக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலே ஓடுகிற ஓட்டம்! அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஒரு மணி நேரத்தில் பத்து கிலோமீட்டர் என்றால் கம்பத்துக்குப் பதினெட்டு நொடி. அந்த மகாமனிதரின் வேகத்தில் சரிபாதி. பாதியைக்கூடத் தொட முடியாதா என்ன? அன்றிலிருந்து மூன்று மாதம், மழையோ வெயிலோ, பதினெட்டு பதினெட்டாக எண்ணி ஓடினார்.

ஆடி மாதம் புதுக்கோட்டையில் பந்தயம். செவந்தியும் கூட வந்தாள். விசில் ஊதியதும் முத்துராஜ் கம்பங்களைப் பார்த்தபடி கிளம்பினார். பதினெட்டு. பதினெட்டு. மறுபடியும் பதினெட்டு. மூச்சு இரைக்கவே இல்லை. கூட்டம் கூட்டமாக ஆட்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். 'ஆரம்பத்துலயே இம்புட்டு வேகமா? பாவம், பாதியில ஒக்காந்துருவாய்ங்க' என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது கிலோமீட்டர் பலகை வந்தது. கடிகாரம் பதினான்கு நிமிடம் காட்டியது. பன்னிரண்டு காட்டியிருக்க வேண்டும்.

அண்ணாந்து பார்த்தார். விஷயம் புரிந்தது. வீடுகள் நெருங்கிய இடத்தில் கம்பமும் நெருங்கித்தான் நிற்கும். நாற்பது மீட்டருக்கு ஒன்று, நாற்பத்தைந்துக்கு ஒன்று. இருபத்தைந்து வருடம் கம்பம் ஏறியவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஓடும்போது தோன்றவில்லை.

தலைதெறிக்க ஓடத்தான் கால் பரபரத்தது. ஆனால் பாட்டிலைத் தவறவிட்ட அந்த முகம் கண்முன் வந்தது. போனது இரண்டு நிமிடம், மிச்சம் எட்டு கிலோமீட்டர். கிலோமீட்டருக்குப் பதினைந்து நொடி கிள்ளினால் போதும். கம்பத்தை விட்டார். முன்னால் போன மஞ்சள் பனியனின் முதுகைக் கண்ணால் பிடித்துக்கொண்டார்.

ஆறாவது பலகையில் முப்பத்தேழு நிமிடம். கணக்கு அப்படியே வந்தது. ஏழில் தொடை இறுகியது. எட்டில் மஞ்சள் பனியன் பின்னால் போய்விட்டது. பிடிக்க முதுகு இல்லை. ஒன்பதில் ஐந்து நொடி கடன். கடைசி வளைவில் வாய் உலர்ந்து, கை எங்கே கால் எங்கே என்று தெரியாமல் ஓடிக் கோட்டைத் தாண்டிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

செவந்தி ஓடி வந்தாள். "என்னங்க, ஆச்சா?"

"பதினோரு செகண்டு... போச்சு புள்ள." மூச்சு வாங்க வாங்க நடந்ததைச் சொன்னார்.

செவந்திக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "எந்த வெளங்காதவன் இம்புட்டு நெருக்கமாக் கம்பத்த நட்டான்?"

முத்துராஜ் பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நாந்தான். எட்டு வருசத்துக்கு முன்னாடி இங்கதானே வேல பாத்தேன். டேப்பப் புடிச்சு அளந்ததே நாந்தான்."

செவந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

"கடைசி எட்டு கிலோமீட்டர் நாப்பத்தாறு நிமிஷம் செவந்தி. இந்த வேகத்துல நான் ஒரு கிலோமீட்டர்கூட ஓடுனதில்ல." பாதத்தை நீவிவிட்டபடி தொடர்ந்தார். "மணமேல்குடில புரட்டாசி கடைசி ஞாயித்துக்கெழம ஒண்ணு வக்கிறாங்களாம். இங்கயே பேரு எழுதுறாங்க, குடுத்துட்டு வாரேன்."

"அங்கிட்டு கம்பம் எப்புடி நட்டுருக்கோ?"

"எப்புடி வேணா இருக்கட்டும். நான் ரோட்டப் பாத்து ஓடுறேன்" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு பேர் கொடுக்கிற மேசையைத் தேடிப் போனார்.