எங்கள் பணத்தில் ஒரு ஏலம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதுமே என் மாமியார் லில்லி, "சுகா, அந்த யூடியூபைப் போடேன்மா. நான் வர்றனான்னு பாக்கணும்" என்றார். காலையில் சபையில் நடந்த ஆராதனையை நேரலையில் காட்டியிருந்தார்கள். அதில் பாஸ்டர் ஐயா அத்தையை முன்னால் அழைத்து ஜெபித்திருக்கிறார். தன்னைத் திரையில் பார்க்கும் ஆசை யாரை விட்டது?

எனக்கு அன்று அரை நாள் லீவு. காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் சேலைகளை எடுத்துப் போட்டுக் காட்டுகிற வேலை எனக்கு. என் கணவர் இளங்கோவன் பிள்ளையார்பாளையத்தில் வைத்திருக்கும் மொபைல் சர்வீஸ் கடைக்கும் ஞாயிறு விடுமுறை. அவர் வழக்கம்போல மூலையில் உட்கார்ந்து போனைக் குடைந்துகொண்டிருந்தார்.

போனில் என்ன என்று கேட்கக் கூடாது. கேட்டால் பிட்காயின் புராணம் ஆரம்பமாகிவிடும். கல்யாணமான புதிதில் நான் நகைச்சீட்டு போடலாம் என்றேன். கேட்டால்தானே! கடை வருமானத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிட்காயின் வாங்கி, அதை எந்தக் கம்பெனியிடமும் விடாமல் தன் போனிலேயே ஒரு வாலட்டில் வைத்துக்கொண்டார். போன் உடைந்தாலும் கவலையில்லை, பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் கையில் இருந்தால் எந்தப் போனிலும் அந்த வாலட்டைத் திறந்துவிடலாம் என்பார். அந்த வார்த்தைகளை அட்டையில் எழுதி, ஆதார் கார்டுக்குப் போடுவது போல லேமினேட் செய்து, பீரோவில் வைத்திருந்தார். அத்தையிடமும் சொல்லி வைத்திருந்தார். "அம்மா, இந்தக் கார்டுதான் நம்ம நிலம். வீடே பத்திக்கினு எரிஞ்சாலும் மொதல்ல இதை எடுத்துக்கினு ஓடு."

நிலம் என்றது முசரவாக்கத்தில் மூன்று சென்ட் மனையை. முனிசாமி என்பவர் தன் அப்பாவின் வயலை மனைகளாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். அந்த வயலில்தான் அத்தை கல்யாணத்துக்கு முன்பிருந்தே நாற்று நட்டவர். எங்கள் வீட்டில் இதுவரை யார் பெயரிலும் ஒரு பிடி மண் இருந்ததில்லை. மனையை அம்மா பெயரில்தான் எழுத வேண்டும் என்று இளங்கோ பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதத்துக்காகவே அவருடைய மற்ற பைத்தியங்களையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பத்திரப்பதிவு. அதற்குள் பிட்காயினை விற்றாக வேண்டும். விற்றுக் கொடுக்கும் கம்பெனிக்குச் சனிக்கிழமையே அனுப்பிவிட்டார். ஆனால் போய்ச் சேரவில்லை. அந்த வாரம் யாரோ புதிதாக ஏதோ கிளப்பிவிட, உலகமே அந்த நெட்வொர்க்கில் போய் முட்டிக்கொண்டிருந்தது. அவர் எனக்கு விளக்கியது இப்படி. சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். அதற்குப் பிளாக் என்று பெயர். சீட்டு அளவாகத்தான் இருக்கும். அதிக டிக்கெட் காசு கொடுப்பவர் முதலில் ஏறுவார், மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். புதன்கிழமை வரை நேரம் இருக்கிறதே என்று இவர் கம்மியான கட்டணம் வைத்து அனுப்பியிருந்தார். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

பஸ்ஸைப் பெரிதாக்கினால் என்ன என்று நான் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. அதுதான் அவர்களுடைய டெலிகிராம் குழுவில் வருஷக்கணக்காக நடக்கும் சண்டையாம். பிளாக் சின்னதாக இருந்தால்தான் தன் கடையில் இருக்கும் ஓட்டைக் கம்ப்யூட்டர்கூட மொத்தக் கணக்கையும் சரிபார்க்க முடியும், பெரிதாக்கினால் பெரிய கம்பெனிகள் கைக்குப் போய்விடும் என்பது இவர் கட்சி. சென்னையில் இருக்கும் பிரேம்நாத் எதிர்க்கட்சி. சின்ன பிளாக் என்றால் காசுள்ளவன்தான் பயணம் போவான், இல்லாதவன் தெருவில் நிற்பான் என்பது அவர் வாதம். இரண்டு பேரும் நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் பங்காளிகள் போல அடித்துக்கொள்வார்கள்.

வீடியோவைப் போட்டேன். பாட்டு முடிந்து ஜெப நேரம் வந்தது. சபையில் அது வழக்கம். வெளிநாடு போகிறவர் பாஸ்போர்ட்டைக் கொண்டுவருவார், பரீட்சை எழுதுகிற பிள்ளை ஹால் டிக்கெட்டைக் கொண்டுவரும், வண்டி வாங்கியவர் சாவியை நீட்டுவார். பாஸ்டர் ஐயா அதன்மேல் கைவைத்து ஜெபிப்பார். திரையில் அத்தை தன் ஊதாச் சேலையில் முன்னே நடந்துவந்தார். கையில் நிலத்து அக்ரிமெண்ட். அதன்மேல் லேமினேட் செய்த கார்டு.

"ஸ்தோத்திரம்! சகோதரிக்குக் கர்த்தர் நிலத்தைக் கொடுக்கிறார்" என்று பாஸ்டர் ஐயா இரண்டையும் சபைக்கு உயர்த்திக் காட்டினார். கேமராவைப் பார்த்துக்கொள்ளும் ஏஞ்சல் கெட்டிக்காரப் பெண், கார்டைக் கிட்டே கொண்டுவந்து திரை முழுக்கக் காட்டினாள். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஐயா இரண்டு வார்த்தைகளை வாசித்தும் விட்டார். "ஆர்ச்சர்ட்... லேடர்... பாருங்க, தோட்டமும் இருக்கு, யாக்கோபு பார்த்த ஏணியும் இருக்கு!" சபை அல்லேலூயா சொன்னது.

"நல்லா வந்துக்கிறேன் இல்ல?" என்றார் அத்தை.

மூலையிலிருந்து இளங்கோ எழுந்து வந்தார். வீடியோவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தார்.

"அம்மா... அந்தக் கார்டை ஏம்மா எடுத்துக்கினு போன?"

"நீதான சொன்ன, அதான் நம்ம நிலம்னு? நிலத்துக்குத்தான் ஜெபம் பண்ணாங்க. தொலைக்கல்லாம் இல்லப்பா. ஐயா கையில மட்டுந்தான் குடுத்தேன், உடனே வாங்கிப் பையில வெச்சிக்கினேன். தோ பாரு." கார்டை எடுத்து நீட்டினார். பத்திரமாகத்தான் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

எனக்கு அத்தை மேல் வந்த கோபம் அந்த நொடியில் அப்படியே கணவர் மேல் திரும்பியது. தீ பிடித்தால் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னவர், யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம் அல்லவா?

"ஏஞ்சலுக்கு போன் போடு. அந்த வீடியோவைத் தூக்கச் சொல்லு" என்றார். போட்டேன். பாவம், காரணம்கூடக் கேட்காமல் உடனே தூக்கினாள். அதற்குள் எத்தனை பேர் பார்த்திருந்தார்களோ யாருக்குத் தெரியும்.

இளங்கோ வாலட்டைத் திறந்தார். "இருக்குது, சுகா. இன்னும் போவல. நேத்து அனுப்பினது கியூவுலயே நிக்குது." எனக்கு மூச்சு வந்தது. இப்போது கட்டணத்தை ஏற்றினால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிடும் என்றார். பணமும் கம்பெனிக்குப் போய்விடும், திருடன் வந்தாலும் காலி வாலட்டைத்தான் பார்ப்பான். ஏற்றினார். நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் நாங்கள் அனுப்பியது திரையிலிருந்து மறைந்தது. அந்த இடத்தில் வேறொன்று வந்தது. அதே பணம், வேறு விலாசம், எங்களுடையதைவிடக் கூடுதல் கட்டணம்.

"இது நான் அனுப்பினது இல்ல" என்றார் இளங்கோ, மிக மெல்ல.

வீடியோவில் அந்தப் பன்னிரண்டு வார்த்தைகளைப் பார்த்த எவனோ எங்கள் வாலட்டைத் திறந்துவிட்டான். பஸ் வந்து கதவைத் திறக்கும்வரை யார் அதிகம் தருகிறார்களோ அவர்களுக்குத்தான் சீட்டு. இளங்கோ ஏற்றினார். அவன் ஏற்றினான். இவர் மறுபடி ஏற்றினார், அவன் அதற்கு மேல். விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது.

"தூங்கவே மாட்டானாங்க?"

"ஆள் இல்ல சுகா. ப்ரோக்ராம் எழுதி விட்டிருக்கிறான். நான் எவ்ளோ போட்டாலும் அது மேல போடும்."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. கல்யாணச் சேலை எடுக்க வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். சொந்தக் காசில் எடுப்பவர்கள் விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சம்பந்தி வீட்டுக் காசில் எடுப்பவர்கள் பார்க்கவே மாட்டார்கள். இவனுக்கென்ன, கட்டணம் அவன் பையிலிருந்தா போகிறது? எங்கள் பணத்தை எடுத்தே எங்களுக்கு எதிராக ஏலம் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் அவனுக்கு ஒரு ரூபாய் மிஞ்சினாலும் லாபம். எங்களுக்கு ஒரு அளவுக்குக் கீழே போனால் நிலம் இல்லை.

சைபர் கிரைம் நம்பருக்கு நான் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் கேட்டார். எந்த பேங்க், எந்தக் கணக்கு என்று சொன்னால் உடனே முடக்கச் சொல்லலாம் என்றார். பேங்க் இல்லை மேடம் என்றேன். யாருக்குப் போகிறது என்றார். தெரியாது மேடம் என்றேன். புகார் எண் கொடுத்தார். வேறு எதை அவர் கொடுக்க முடியும்?

இளங்கோ குழுவில் எழுதினார். நிலைமையைச் சொல்லி, அந்தப் பஸ்ஸை ஓட்டுகிற, அதாவது பிளாக் போடுகிற கம்பெனிகளில் எங்களுடையதை நேராக ஏற்றிவிட யாருக்காவது ஆள் தெரியுமா என்று கேட்டார். பதில்கள் மளமளவென்று வந்தன. சிலர் அழுகிற பொம்மை போட்டார்கள். ஒருவர், 'பன்னிரண்டு வார்த்தையை யாராவது சர்ச்சுக்குக் கொண்டுபோவார்களா?' என்று எழுதினார். பிரேம்நாத் எழுதியிருந்தார்: 'பிளாக் பெருசா இருந்திருந்தா உன் பணம் சனிக்கிழமையே போய்ச் சேர்ந்திருக்கும். இத்தனை வருஷமா இதைத்தானே கத்துறேன்.'

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? பதில் எழுத ஆரம்பித்தார்! பெரிய பிளாக் என்றால் திருடனும்தான் உடனே ஏறியிருப்பான் என்று. நான் போனைப் பிடுங்கினேன்.

"உங்க கட்சி மண்ணாப் போவட்டும். நிலம் போவுதுங்க!"

அவர் அழுதுவிட்டார். சத்தம் வரவில்லை, தோள்தான் குலுங்கியது. பிரேம்நாத் அடுத்த நிமிஷமே கூப்பிட்டார். "இளங்கோ, நான் எழுதினதை அழிச்சிட்டேன்பா. தெரிஞ்ச ரெண்டு பேருக்கு மெயில் போட்டுருக்கேன். ஞாயித்துக்கிழமை, யார் பார்ப்பாங்கன்னு தெரியல." அவர் குரலும் சரியாக இல்லை.

பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்றாரே, அன்று பார்த்து அரை மணி நேரமாகியும் பிளாக் வரவில்லை. சில சமயம் அப்படித்தானாம், யாரையும் கேட்க முடியாதாம். கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அத்தை உள்ளே முழங்காலில் இருந்தார். நெட்வொர்க் கிடைக்கவில்லை என்று நினைத்து அதற்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு தடவை ஏத்தினா மனைக்குப் பத்தாது" என்றார் இளங்கோ.

"ஏத்தலைன்னா?"

"எல்லாம் அவனுக்கு."

"மொத்தத்தையும் கட்டணமாப் போட்டுட்டா?"

"அவனுக்கும் இல்ல, நமக்கும் இல்ல. பிளாக் போடுறவனுக்குப் போயிடும்."

"அது யாரு?"

"தெரியாது."

போனை என் கையில் கொடுத்தார். "நீ சொல்லு சுகா. என்னால முடியல." மொத்தத்தையும் போட்டுத் தொலைத்துவிடலாம் என்றுதான் எனக்கு ஆத்திரம். ஆனால் அந்தப் பணத்தில் அவர் சாப்பிடாத சாப்பாடும் வாங்காத செருப்பும் இருந்தன. அதை நானே எப்படித் தூக்கி எறிவது? ஒருவேளை கடைசி நொடியில் எங்களுடையதே ஏறிவிட்டால்? விரலைத் திரைக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றேன்.

பிளாக் வந்தது. அவனுடையது ஏறிவிட்டது. வாலட்டில் பூஜ்யம்.

எங்கள் பணத்தில் ஒரு பங்கு கட்டணமாகவே போயிருந்தது. திருடனுக்கும் மீதிதான். அதில் எனக்கு அற்ப சந்தோஷமாவது வந்திருக்க வேண்டும், வரவில்லை. கதவு உடையவில்லை, பீரோ உடையவில்லை, தெருவில் யாரும் ஓடவில்லை. தறிச் சத்தம் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரைப் பிடித்து அடிப்பது?

அந்த நேரம் பார்த்து இளங்கோவின் போன் அடித்தது. முனிசாமி. இவர் எடுக்காமல் அதையே வெறித்துப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த அத்தை எட்டிப் பார்த்து, "முனிசாமி சாருதான? எடுப்பா" என்று தானே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"இளங்கோ, பத்திரம் எழுதுறவர் பக்கத்துல இருக்கிறாரு. அம்மா பேரு ஆதார்ல எப்படி இருக்குதுன்னு கேக்குறாரு" என்றார் முனிசாமி.

"நான்தாங்க பேசறேன், லில்லி."

"அம்மாவா? நல்லதாப் போச்சு. முழுப் பேரும் நிதானமாச் சொல்லுங்கம்மா, அவர் எழுதிக்குவாரு."

முனிசாமியின் அப்பா வரப்பில் நின்று அத்தையை 'ஏ பொண்ணு' என்றுதான் கூப்பிடுவாராம். பெயர் தெரியுமோ தெரியாதோ. அத்தை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். நான் அப்போதே போனை வாங்கி வைத்திருக்க வேண்டும். பணம் போனதை இளங்கோ சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். அவர் நான் சொல்வேன் என்று என்னைப் பார்த்தார்.

"எழுதிக்கோங்க" என்றார் அத்தை, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி. "காலஞ்சென்ற மணிவண்ணன் மனைவி, லில்லி."

எழுதிக்கொள்பவர் கேட்டாரென்று இன்னொரு தடவையும் சொன்னார். நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.