திங்கட்கிழமைப் பலகாரம்

கையைக் கழுவு, தலைமுடியை மூடு, நகத்தை ஒட்ட வெட்டு, மோதிரம் போடாதே. சோற்றுப் பெட்டி தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் இதையெல்லாம் ஜப்பானிய மொழியிலும் வியட்நாமிய மொழியிலும் எழுதி, படமும் போட்டுச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். ஊர் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வேலைக்கு வராதே என்பதை மட்டும் எங்கேயும் ஒட்டவில்லை. எல்லாவற்றையும்விடக் கறாரான சட்டம் அதுதான்.

லுவா அதைத் தெரிந்துகொண்டது வியட்நாமிலிருந்து வந்த வருஷத்து இலையுதிர்காலத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலிவு டிக்கெட்டில் ரயிலேறி, காமகுராவில் பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் ஓய்வறையில் போனிலிருந்த படங்களைக் காட்டினாள். பெண்கள் எல்லாரும் "அடடா, அழகு" என்றார்கள். சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்தார்கள். மேஜையில் ஒன்றும் இல்லை. வரிசையில் லுவாவுக்குப் பக்கத்தில் நின்று பொரித்த மீன் வைக்கிற நெகிஷி, அறுபதைத் தாண்டியவள், உடை மாற்றும் அறையில் அவளை ஓரமாக இழுத்தாள்.

"ஏம்மா, ஊருக்குப் போனவ ஆளுக்கு ஒரு வாய் பலகாரம் வாங்கிட்டு வரக் கூடாதா? உன் படத்தைப் பாத்தா எங்க வயிறு ரொம்பிடுமா?"

"யாரும் கேக்கலையே, நெகிஷி சான்" என்றாள் லுவா, பெயரோடு அந்த ஊர் மரியாதைச் சொல்லைச் சேர்த்து.

"கேட்டு வாங்கினா அது பிச்சை. கேக்காம வைக்கணும். பெரிசா வேணாம். ஒவ்வொண்ணும் தனித்தனியா காகிதம் சுத்தினதா பாத்து வாங்கு. அந்த ஊர் பேரு மேல போட்டிருக்கணும், அது முக்கியம்."

அன்றிலிருந்து லுவா போன ஊரில் கோயிலைப் பார்த்தாளோ இல்லையோ, பலகாரக் கடையைப் பார்க்காமல் திரும்பியதில்லை. திங்கட்கிழமை காலையில் பெட்டி மேஜையில் இருக்கும். "ஐயையோ, மறுபடியும் நீயா, எதுக்கு இதெல்லாம்" என்று கூச்சப்பட்டுக்கொண்டே ஆளுக்கொன்றை எடுப்பார்கள். வாரம் பூராவும் முகமூடிக்குள் மூச்சுவிட்டுக்கொண்டு சோறு அமுக்குகிறவளுக்கு, அந்தக் கொஞ்ச நேரம்தான் தானும் இந்த ஊர்க்காரி என்ற நினைப்பு வரும். அற்ப நினைப்புதான். ஆனால் வேறென்ன இருந்தது அவளிடம்? புருஷனும் ஏழு வயது மகனும் வியட்நாமில், நெ ஆன் மாகாணத்தில் இருந்தார்கள். மகன் அவளைப் போன் திரையில் பார்த்தே வளர்ந்தவன்.

நாலாம் வருஷம் லைன் லீடர் இடம் காலியானது. அந்த இடத்தில் வேலை பார்த்துக் காட்டினால் மேல் விசாவுக்குப் பரீட்சை எழுதலாம். தேறினால் குடும்பத்தைக் கூட்டிவரலாம். மேலாளர் கொகுரே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"லுவா சான், உங்களையே போடலாம்னு இருக்கேன். கெட்டிக்காரி வேணும்னு இல்ல. சொன்னா சொன்ன மாதிரி வந்து நிக்கிற ஆள் வேணும். திங்கட்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

அவள் அழுதேவிட்டாள். நெகிஷிக்கு அவளைவிடச் சந்தோஷம். "பையன் வரட்டும். உனக்கு ராத்திரி வேலைன்னா எங்க வீட்டுல படுத்துக்கட்டும். நீ ஒண்ணும் யோசிக்காத" என்றாள்.

வியாழக்கிழமை திடீரென்று பெரிய ஆர்டர் வந்தது. சனிக்கிழமை எல்லாரும் வேலைக்கு வர வேண்டும் என்றார் கொகுரே. அந்தச் சனி, ஞாயிறுதான் லுவா தங்கை லியெனோடு குசட்சு வெந்நீர் ஊற்றுக்குப் போவதாக இருந்தாள். லியென் மூன்று வருஷம் மலை மேல் முட்டைக்கோஸ் வயலில் வேலை செய்து முடித்து, அடுத்த வாரம் ஊருக்கே திரும்பப் போகிறவள். ஒரே நாட்டில் இருந்துகொண்டு இருவரும் ஒன்றாக ஒரு ராத்திரி தங்கியது கிடையாது.

லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ. கேட்கத்தான் அவளுக்கு வாய் வரவில்லை. லீடராகப் போகிறவள் முதல் அவசரத்திலேயே லீவு கேட்பதா? அதனால் சனிக்கிழமை விடிந்ததும் போனில் இருமிக் காட்டிக் காய்ச்சல் என்றாள். கொகுரே, "உடம்பைப் பாத்துக்கோங்க" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த நம்பிக்கை அவளைச் சுட்டது. சுட்டும் போனாள்.

குசட்சுவில் லியென் துணியில்லாமல் பொதுக் குளத்தில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

"சீ, எல்லாரும் பாக்குறாங்க அக்கா!"

"உன்ன யாரு பாக்குறா? வெயில்ல காஞ்சு கருவாடா கெடக்க. இறங்குடி!"

இறங்கிய பிறகு ஏறவே மாட்டேன் என்றாள். கழுத்துவரை வெந்நீரில் கிடந்துகொண்டு, "இந்த ஊருக்கு வர்ற பஸ் எங்க வயல் ஓரமாத்தான் போகும். மூணு வருஷத்துல ஒரு நாள் ஏறலை பாரேன்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். லுவா அவள் முதுகைத் தேய்த்துவிட்டாள். முதுகெல்லாம் கூடை சுமந்த தழும்பு. பொய் சொல்லிவிட்டு வந்தது சரிதான் என்று அப்போது லுவாவுக்குத் தோன்றியது.

ஞாயிறு சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில், பயற்றம் பூரணம் வைத்த பழுப்புக் கொழுக்கட்டையில் பெரிய பெட்டியாக ஒன்று எடுத்தாள்.

"யாருக்குக்கா?"

"கம்பெனிக்கு."

"ஆமாமா. வாங்காம போனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க."

அக்காவுக்கும் உறைக்கவில்லை, தங்கைக்கும் உறைக்கவில்லை. கை பழகிவிட்டால் மூளையைக் கேட்பதில்லை.

திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய்ப் பெட்டியைத் திறந்து வைத்தாள். மூடியில் கொட்டை எழுத்தில் குசட்சு. ஒவ்வொரு காகிதத்திலும் குசட்சு. பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள். யாரும் கூச்சப்படவில்லை, எதுக்கு இதெல்லாம் என்று கேட்கவில்லை. சனிக்கிழமை இருட்டும்வரை நின்ற கால்கள் அவை. ஒருத்தி மட்டும் மெதுவாக, "குசட்சுவா? நல்ல இடம்" என்றாள். அப்போதுதான் லுவாவுக்கு உறைத்தது. மூடியைச் சாத்தக் கையை நீட்டினாள். அதற்குள் கொகுரே வந்துவிட்டார்.

அவர் ஒன்றை எடுத்தார். காகிதத்தில் இருந்ததைப் படித்தார். அவளைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நெகிஷியின் பக்கம் திரும்பினார்.

"நெகிஷி சான், சனிக்கிழமை ராத்திரி கஞ்சி கொண்டுபோய்க் குடுத்தேன்னீங்க. எந்திரிச்சு உட்கார முடியாம கெடக்கறா, ஆஸ்பத்திரிக்கு வண்டி வேணாம், நான் பாத்துக்கறேன்னீங்க."

லுவாவுக்கு இது புதுச் செய்தி. நெகிஷி கஞ்சியோடு வந்து அவள் தங்கியிருக்கும் விடுதிக் கதவைத் தட்டியிருக்கிறாள். ஆளில்லை என்று தெரிந்துகொண்டும், லீடர் இடம் போய்விடக் கூடாதே என்று அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வரிசையில் ஒரு பொய் சொல்லாத கிழவி.

நெகிஷி இடுப்பு மடியக் குனிந்தாள். "என் தப்பு. மன்னிச்சிடுங்க." தன் மகன் வயதுக்காரருக்கு முன்னால் நெடுநேரம் குனிந்தே நின்றாள்.

"அட, பரவால்ல, பரவால்ல" என்றார் கொகுரே. கொழுக்கட்டையை வாயில் போட்டுக்கொண்டார். "ருசியா இருக்கு, லுவா சான். நன்றி." பிறகு கையைத் தட்டி, மியான்மரிலிருந்து வந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, இன்றிலிருந்து இவர்தான் லீடர் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். லுவாவும் தட்டினாள்.

மகன் முகம் கண்ணுக்குள் வந்தது. அதைத் தள்ளிவிட்டு, வேலை முடிந்ததும் உடை மாற்றும் அறையில் நெகிஷியின் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க எனக்காகப் பொய் சொன்னது எனக்குத் தெரியாது, நெகிஷி சான். தெரிஞ்சிருந்தா அந்தப் பெட்டிய வச்சிருக்க மாட்டேன். என்னை அடிங்க. ஏதாவது திட்டுங்க."

நெகிஷி தொப்பியைக் கழற்றி மடித்தாள். முகத்தில் கோபம் இல்லை. அக்கம்பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களிடம் காட்டுகிற மரியாதை இருந்தது.

"நான் எதுக்குங்க உங்களைத் திட்டணும்? பலகாரத்துக்கு ரொம்ப நன்றிங்க. இனிமே எனக்காகச் சிரமப்பட்டு ஒண்ணும் வாங்கிட்டு வராதீங்க."

தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டு, லுவா வழிவிடும்வரை காத்து நின்றாள்.