காந்தம் ஒட்டாத சிவப்பு வண்டி

சம்பந்தியாக வரவிருந்தவர் தம் ஜெர்மன் வண்டியை எங்கள் ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். என் மகளுக்கும் அவர் மகனுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். தேதி குறிப்பதுதான் பாக்கி. அதற்குள் இரண்டு பந்தயக் கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

என்னுடையது இத்தாலிய வண்டி. சிவப்பு. என் அப்பா வாங்கியது. அதன்மேல் ஓர் இடிகூடப் பட்டதில்லை என்று சாகும்வரை சொன்னார். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் கிடையாது.

இரண்டையும் ஸ்டார்ட் செய்தோம். அவருடைய வெள்ளி நிற வண்டியில் எஞ்சின் பின்னால். தையல் மிஷின் போல ஒரே சீராக ஓடியது. என்னுடையதில் முன்னால் பன்னிரண்டு சிலிண்டர். நாலு தடவை இருமிவிட்டுத்தான் உறுமியது.

"எழுந்திருக்கவே சலிச்சுக்குது சம்பந்தி, உங்களை மாதிரியே," என்றார். சிரித்து வைத்தேன்.

பிறகு சட்டைப்பையிலிருந்து துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்தார். இடிபட்ட பள்ளத்தைப் பட்டி பூசி மறைத்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் செய்யும் சோதனை அது. அவர் வண்டியின் கதவில் டப்பென்று ஒட்டியது. என் வண்டியில் கதவு, மட்கார்டு, பேனட் என்று வைத்த இடமெல்லாம் வழுக்கி விழுந்தது.

"தலையிலேருந்து கால் வரைக்கும் பட்டிதான். நொறுங்கின வண்டியை மினுக்கி வெச்சுட்டு உங்கப்பா நல்லா கதை விட்டிருக்கார், பெரியவரே."

அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டிச் செய்த உடல் அது. காந்தம் எப்படி ஒட்டும்? ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் அப்பா பொய்யர் இல்லை என்று என் வீட்டிலேயே நின்று இன்னொருவனுக்கு விளக்கம் சொல்வதா?

சுவரில் தொங்கிய சுத்தியலை எடுத்துப் பேனட்டின் நடுவில் ஓங்கி அடித்தேன். சிவப்பு உதிர்ந்து வெள்ளை உலோகம் பளிச்சிட்டது. தகடு கிழிந்து வாய் பிளக்கும்வரை அடித்தேன்.

"எங்கே பட்டி? காட்டுங்க."

அவர் முகம் வெளுத்தது. வாய் மட்டும் அடங்கவில்லை. கிழிந்த விளிம்பைத் தடவியபடி, "அலுமினியம்னு சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? அப்பனும் புள்ளையும் ஒரே கிறுக்கா?" என்றார்.

அடுத்த அடி அந்தக் கைமேல் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் எஞ்சின்களையும் மீறிக் கேட்டது. அலறிக்கொண்டே இடது கையால் ஜாக்கிக் கம்பியை எடுத்து என் காதோரம் விளாசினார். கழுத்தில் ரத்தம் இறங்க, நான் அவர் வண்டியின் ஹெட்லைட்டை உடைத்தேன், முன்கண்ணாடியை உடைத்தேன். மறுபடியும் அவர் பக்கம் சுத்தியலை ஓங்கியபோது வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த மகள் குறுக்கே நின்றாள். அவள் நெற்றிக்கு ஒரு சாண் மேலே என் கை நின்றுவிட்டது.

"அடிங்கப்பா. நான் எதுல செஞ்சவள்னும் பாத்துடுங்க."

கையை இறக்கினேன். அவள் தன் துப்பட்டாவால் அவர் கையைச் சுற்றினாள். இருக்கையில் கிடந்த கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு, "ஏறுங்க மாமா," என்றாள். ஒற்றை விளக்கோடு அந்த ஜெர்மன் வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

தேதியை அவர்களே குறித்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அதில் என் பெயர் இல்லை. இன்னாருடைய பேத்தி என்று என் அப்பா பெயரைப் போட்டிருந்தாள்.

பேனட்டைச் சரிசெய்யச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள். அது அப்படியே இருக்கும். வருகிறவர்கள் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கட்டும்.