கழியை நட்டு உட்கார்ந்தவன்

எங்கள் ஒக்கவாங்கோ சதுப்பில் படகு தள்ளுகிறவன் உட்காரமாட்டான். பின்முனையில் நின்றபடி நீளக் கழியை ஊன்றித் தள்ளுவான். கழியைச் சேற்றில் நட்டுவிட்டு அவன் உட்கார்ந்துவிட்டால் படகு அந்த வழியில் போகாது. அதற்குமேல் பேச்சில்லை.

அக்டோபர் வெயிலில் ஹென்னியையும் அவன் மனைவி மாரிகேயையும் ஏற்றிக்கொண்டு போனேன். கேப் டவுனிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்கள். நீர்யானை மடுவை அருகில் காட்டுவதாக விடுதி மேலாளர் தெபாட்சோ அவர்களிடம் சொல்லியிருந்தான். என்னைக் கேட்டுச் சொல்லவில்லை.

மடுவுக்கு நாணலுக்கு நடுவே ஒரு குறுக்கு வாய்க்கால் போகிறது. அதன் வாயில் கழியை ஊன்றி எடுத்தேன். எப்போதும் கறுப்புச் சேறும் வேரும் ஒட்டிக்கொண்டு வரும். அன்று வெறும் வெள்ளை மணல். நீர்யானை அடியில் நடந்து நடந்து சேற்றைக் கலைத்தால்தான் மணல் தெரியும். நாலு முழம் தள்ளி ஊன்றினேன். அதே மணல். கழியை நட்டேன், உட்கார்ந்தேன்.

"என்னாச்சு, களைச்சுப் போயிட்டியா?" என்றான் ஹென்னி.

"இல்ல. இதுல போகமாட்டேன். உள்ள நடக்குது. சுத்து வழியில கூட்டிட்டுப் போறேன்."

"சுத்து வழியில போனா தூரத்துலதானே தெரியும்? நான் இங்க வாத்தையா பார்க்க வந்தேன்?"

அதன்பிறகு அவன் பேசியதை இங்கே எழுத முடியாது. என் ஆங்கிலம் அரைகுறை, திட்டு மட்டும் முழுதாகப் புரியும். மாரிகே என் கழியிலிருந்து படகுக்குள் உதிர்ந்திருந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வயர்லெஸ்ஸை எடுத்துத் தெபாட்சோவைக் கூப்பிட்டான்.

"பெரியவரே, பிடிவாதம் பண்ணாதீங்க. போங்க," என்றது வயர்லெஸ்.

"நீ வந்து தள்ளு. நான் கரையில நின்னு பாக்கறேன்."

"நாளைக்குப் பலகையில உங்க பேரு இருக்காது."

"அழிச்சுக்கோ."

முப்பத்தெட்டு வருடமாக இந்தத் தண்ணீரில் நிற்கிறேன். எனக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துதான் சொன்னேன். படகைப் பின்பக்கமாகவே தள்ளித் திரும்பினேன். நாங்கள் கரைக்கு வரும்வரை நாணலில் ஒரு அசைவுமில்லை.

"ஒரு தவளைகூட வரலையே," என்று சிரித்தான் ஹென்னி.

"வந்திருந்தா சிரிக்க நீ இருந்திருக்க மாட்ட," என்றேன்.

மறுநாள் காலை துறைக்குப் போனேன். அங்கே பலகையில் அன்றைக்கு வேலை உள்ளவர்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கும். எனக்குப் படிக்க வராது. ஆனால் மூன்றாவது வரி திபோகோ என்கிற நான் என்பதும், அதன் கடைசியில் ஒரு வட்டம் உண்டு என்பதும் தெரியும். அந்த வரியில் ஈரத்துணி பட்ட கறைதான் இருந்தது. நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. கழியோடு என் படகில் ஏறி நின்றேன்.

ஹென்னியையும் மாரிகேயையும் என் தங்கை மகன் லெபோலோவின் படகில் ஏறச் சொன்னான் தெபாட்சோ. "குறுக்கு வாய்க்கால்லயே போ," என்றான்.

லெபோலோ என்னைப் பார்த்தான். "மாமா, நேத்து கழியில என்ன வந்துச்சு?"

"மணல். ரெண்டு இடத்துலயும்."

அவன் கழியைக் கரையோரம் நட்டான். உட்கார்ந்தான்.

"அடுத்த ஆள்," என்று கத்தினான் தெபாட்சோ. அடுத்தவனும் நட்டு உட்கார்ந்தான். அதற்கடுத்தவன் பெயர் வரும் முன்பே உட்கார்ந்துவிட்டான். பதினொரு பேர். படகுக்காரர்களில் நின்றது நான் ஒருவன்தான்.

"என்னய்யா இது, எல்லாருக்கும் ஒரே நேரத்துல முட்டி வலியா?" என்றான் தெபாட்சோ.

"எனக்கு வலிக்கல. நான் நிக்கறேன் பாரு. சுத்து வழின்னா கூட்டிட்டுப் போவேன்."

மாரிகே தொப்பியை எடுத்துக்கொண்டு என் படகுக்கு வந்து ஏறினாள். ஹென்னி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தான். நான் கழியை அசைக்கவில்லை.

"இன்னும் என்ன?" என்றான் தெபாட்சோ.

"பலகை."

அவன் பற்களைக் கடித்துக்கொண்டு மூன்றாவது வரியில் எழுதினான். கடைசியில் வட்டம் இருந்தது. ஆனாலும் அவனை நம்பி நான் தண்ணீரில் இறங்க முடியுமா? லெபோலோவைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னேன். "திபோகோ," என்று படித்தான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

அப்புறம்தான் கழியைத் தூக்கினேன்.