இனிப்பு தெரிந்தால் கையைத் தூக்குங்கள்

…இனிப்பு தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான், இதில் பயப்பட என்ன இருக்கிறது, வருஷா வருஷம் நடப்பதுதானே, தலைமேல் ஒரு வெள்ளைக் கூண்டைக் கவிழ்ப்பார்கள், மூக்கையும் வாயையும் இறுக்கி மூடிய முகமூடியோடு லோசலினி அதற்குள் உட்கார்ந்திருப்பாள், பக்கத்து ஓட்டை வழியாக, முகமூடி சோதிக்க வரும் ப்ரோன்வின் இனிப்புத் தண்ணீரைப் புகைபோல் அடிப்பாள், நாக்கில் இனித்தால் முகமூடி எங்கோ ஒழுகுகிறது, இனிக்காவிட்டால் இன்னொரு வருஷத்துக்கு வெண்ணெய் டிரம்மைத் திறக்கலாம். வெண்ணெயாம் வெண்ணெய், எந்த மாடும் கண்டறியாத வெண்ணெய், சோளப்பொரியில் கலக்க மஞ்சளாக ஒரு வாசனை எண்ணெய், மூடியைத் திருகினாலே தொழிற்சாலை முழுக்கச் சோளப்பொரி மணக்கும். கூட வேலை செய்யும் மனாசேயைத் தாடியோடு வந்தானென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், முகமூடி தோலோடு ஒட்ட வேண்டுமாம், மழித்துவிட்டு வந்தவனைப் பார்த்து, யாரு இந்தப் புதுப் பொண்ணு, நல்லா லட்சணமா இருக்கே, என்று எல்லோரும் கிண்டலடித்தார்கள், அவளும்தான் சிரித்தாள், வயிறு வலிக்கச் சிரித்தாள்… இந்தக் கேள்வியை மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் இப்போதும் சிரித்துக்கொண்டே இருந்திருப்பாள். ஏன் கேட்டாள்? முகமூடி வார் கழுத்தில் உறுத்தியது, எரிச்சலில் கேட்டாள், திங்கற பண்டத்துக்கு எதுக்கு இவ்வளவு கவசம் என்று. ப்ரோன்வின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டே, பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னாள்:

"திங்கறதுக்கு ஒண்ணும் ஆகாது. மூச்சுல போனாத்தான் வம்பு. நுரையீரல்ல இருக்கற சின்னச் சின்னக் குழாயெல்லாம் தழும்பாகி அடைச்சுக்கும். அடைச்சது திரும்பத் திறக்காது. சோளப்பொரி ஆலைல வேலை பாத்தவங்க நெறைய பேருக்கு அப்படி ஆயிருக்கு, அதான் இந்த முகமூடி."

மூச்சுல போனாத்தான்… அப்படியென்றால் அவள் புருஷன் செமிசி? செமிசி அதை மூச்சிலேதானே போடுகிறான், வேறெதில் போடுகிறான்? இருபது வருஷம் புகையிலைச் சுருட்டு பிடித்த மனுஷன், போதகர் கெஞ்சி, டாக்டர் மிரட்டி, எதற்கும் அசையாதவன், புகையிலைக்குப் பலியான தன் அண்ணனை மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்றைக்குத் தானாக வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறினான், ஆனால் கடையில் விற்ற திரவம் எதுவும் பிடிக்கவில்லை, வெந்நீர் குடிக்கற மாதிரி இருக்கு லோசி, இதுக்கு நான் பழையபடி சுருட்டே பிடிச்சுக்கறேன் என்றான். அப்போது அவள்தான், வேறு யாருமில்லை, அவளேதான், காலி டிரம்மின் அடியில் மிஞ்சியதை விரல் நீளப் பாட்டிலில் வடித்துக்கொண்டு போனாள், வேப் திரவத்தில் நாலு சொட்டு விட்டுக் கொடுத்தாள், அவன் கண்ணை மூடி இழுத்தான், சிரித்தான். சின்னப் பிள்ளைங்க அள்ளி அள்ளித் திங்கறது, உன்னை என்ன செஞ்சுடப் போகுது என்றுகூடச் சொன்னாள். வாசனை பிடித்துப்போனதும் நாலு சொட்டு எட்டானது. தான் மட்டும் டிரம்முக்குப் பக்கத்தில் மணம் வந்தவுடன் முகமூடியை ஏற்றிக்கொள்வாள், கட்டாயம் என்றார்கள், போட்டாள், செருப்பு மாட்டுவதைப் போல மாட்டினாள்… ஒரு நாளாவது ஏன் என்று யோசித்தாளா?

மூச்சை நல்லா இழுங்க, என்கிறாள் ப்ரோன்வின். இழுத்தாள். தலையை ரெண்டு பக்கமும் திருப்புங்க. திருப்பினாள். இனிக்கவில்லை. இப்ப ஏதாவது பேசுங்க, மனப்பாடமா தெரிஞ்ச எதுவானாலும் சரி, நிறுத்தாம பேசுங்க. என்ன பேசுவது, தலையில் ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சர்ச் பாட்டுத்தான் வாயில் வந்தது, அவர்கள் டோங்கா தீவு மொழிப் பாட்டு, ப்ரோன்வினுக்கு ஒரு வார்த்தை புரியாது, புரியாமலே தலையாட்டுகிறாள். கடைசி அடியை ஒரே மூச்சில் பாட வேண்டும், அதற்குத்தான் செமிசி, மாங்கெரே சர்ச்சில் அவன் அடிக்குரலுக்காகவே வேறு சபைக்காரர்கள் வந்து பின்வரிசையில் உட்கார்வார்கள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவன் குரல் மட்டும் தரையோடு தரையாக நின்றுகொண்டிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அந்த அடியில் மூன்று இடத்தில் உடைந்தான். கடைசியில் வாய் மட்டும் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை, பெண்கள் வரிசையிலிருந்து அவள் பார்த்தாள், வயசாகுது என்று நினைத்தாள், குளிர் என்று நினைத்தாள், பழைய புகையிலையின் மிச்சம் என்றுகூட நினைத்தாள். பழைய புகையிலையாகவே இருக்கலாமே… இருக்கலாம், ஏன் இருக்கக் கூடாது, இவள் என்ன டாக்டரா? ஆனால் இதோ இந்தக் கூண்டுக்குள், முகமூடிக்குள், அதே அடியை அவள் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள், மூச்சு இன்னும் மிச்சமிருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

இனிச்சுதா? இல்லை. ஒரு துளிகூட? இல்லை. ப்ரோன்வின் கூண்டைத் தூக்கினாள், அருமை, நீங்க பத்திரம் என்றாள், வியர்த்திருக்கு, தண்ணி குடிங்க என்றாள். வேப்பில் விட்டு இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்க வாய் வரை வந்தது… திருட்டு வேலை, வேலை போய்விடும், அதுவா பயம், இல்லை, ப்ரோன்வின் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயம். முகமூடி கழுத்தில் தொங்க, பை தோளில் தொங்க, பைக்குள் காலையில் வடித்த பாட்டில் சாவிக்கொத்தோடு மோதிக்கொண்டு வர, வண்டிகள் நிற்குமிடத்துக்கு நடந்தாள். அவர்கள் வேன் வேலியோரம் நின்றது. செமிசி உள்ளே இருந்தான், கையில் வேப், முகத்தைச் சுற்றி வெள்ளையாகப் புகை. கதவைத் திறந்தாள், மணம் வந்தது, சூடான சோளப்பொரி மணம், வீட்டு மணம், தலையணை மணம், அவள் ஒன்றும் நினைக்கவில்லை, நினைப்பதற்குள் கை கழுத்திலிருந்த முகமூடியை ஏற்றி மூக்கின் மேல் அழுத்திவிட்டது.

செமிசி சிரித்தான். "என்ன லோசி, நான் அவ்வளவு நாறறேனா?" சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது. கையை நீட்டினான். "கொண்டாந்தியா?"

இல்லை என்றாள். முகமூடிக்குள் அந்தச் சொல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பரவால்ல விடு. போற வழியில கடையில நிறுத்தறேன், இன்னிக்கு ஒரு நாளைக்குப் புகையிலை வாங்கிக்கறேன்."

அப்படியானால் பையிலிருக்கும் இதுவா, கடையிலிருக்கும் அதுவா, எதைக் கொடுப்பது, எதிலிருந்து பிடுங்குவது… சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த மனுஷனிடம் எங்கே ஆரம்பிப்பது, மூச்சு முட்டுகிறது, முதலில் இந்தப் புகை போகட்டும், போனால் பேசலாம்.

"செமிசி, மொதல்ல அந்த ஜன்னலைத் திற."

அவன் புரியாமல் அவளைப் பார்த்தான். "திறந்துதானே இருக்கு" என்றான்.