பெருசின் காபி

பெருசுக்கு வயது இருபத்தெட்டுதான். ஆனால் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் கேப்டன் யாரோ அவர்தான் பெருசு. மீசை சரியாக முளைக்காதவருக்கும் அதே பெயர்தான். முகத்துக்கு நேரே கேப்டன், முதுகுக்குப் பின்னால் பெருசு. சமையற்காரன் ஒன்னோ அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அதில் தாய்மை கலந்துவிடும். அந்தத் தடியனுக்கு அது பொருந்தாதுதான், என்ன செய்வது.

ஃபோல்கெர்ட் லூர்ஸ் என்ற அந்தப் பெருசு, முதல் இரண்டு பயணங்களிலும் எதிரிக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டு, பேண்டு வாத்தியமும் பூங்கொத்துமாக பிரான்சின் லோரியான் துறைமுகத்தில் வந்து இறங்கியவர். பத்திரிகையில் படம்கூட வந்தது. மூன்றாவது பயணத்தில் ஓர் எண்ணெய்க் கப்பலை அடித்தார். எரிகிற கடலில் ஆட்கள் நீந்துவதைப் பெரிஸ்கோப்பில் பார்த்தார். அன்றிலிருந்து வலது கை நடுங்கத் தொடங்கியது.

முதலில் கவனித்தவன் ஒன்னோ. மறுநாளிலிருந்து அவருக்குப் பாதிக் கோப்பைதான் ஊற்றினான்.

"என்னடா, காபியில கஞ்சத்தனம்?"

"கப்பல் ஆடுது கேப்டன். சிந்தினா யாரு துடைக்கிறது?"

கப்பல் அப்போது ஆழத்தில் ஆடாமல் அசையாமல் கிடந்தது. பெருசு சிரித்துக்கொண்டே குடித்தார்.

அதன்பின் ஒவ்வொரு பயணத்திலும் அவர் வெறுங்கையோடு திரும்பினார். ஆனால் எல்லோரையும் உயிரோடு கொண்டுவந்தார். "நம்ம பெருசு கழுத்துல தொங்குற மெடலுக்கு ஏங்கல. அதான் நம்ம கழுத்துல இன்னும் தலை இருக்கு," என்பான் டார்பிடோக்காரன் ராஷ்.

நாற்பத்து மூன்றாம் வருடக் கோடையில் போன கப்பல்கள் திரும்பவே இல்லை. அடுத்த பயணத்துக்கு முன்னால் நடந்த விருந்துக்குப் படைப்பிரிவு டாக்டரும் வந்திருந்தார். ஒன்னோ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே யோசித்தான். அந்தக் கை நடுக்கம் டாக்டர் கண்ணில் பட்டால் பெருசைக் கரையிலேயே நிறுத்திவிடுவார்கள். பிழைத்துக்கொள்வார். கப்பலுக்கு யாரோ ஒரு புதுசு வருவான்.

அன்று கோப்பையை விளிம்பு வரை நிரப்பினான்.

கோப்பை தட்டில் கடகடவென்று அடித்தது. வெள்ளை விரிப்பில் காபி ஓடியது. பெருசு ஒன்னோவைத்தான் பார்த்தார். டாக்டர் எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

சாயங்காலமே உத்தரவு வந்தது. பெருசுக்குப் பால்டிக் கடலோரப் பயிற்சிப் பள்ளியில் வாத்தியார் வேலை.

"இத்தனை நாள் கஞ்சனா இருந்துட்டு இன்னிக்குப் பார்த்து வள்ளலாயிட்டியே," என்றான் ராஷ். "எங்க எல்லாருக்கும் குழி வெட்டிட்டடா."

"ஒருத்தராவது பொழைக்கட்டுமே."

ராஷ் ஒரு கத்தியை எடுத்து உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தான். அவனுக்கும் பெருசு என்றால் உயிர்.

கப்பல் கிளம்பும் நாளில் பெருசு நேராகக் கப்பலின் சமையலறைக்குள் வந்து நின்றார். ஒன்னோ தலை நிமிரவில்லை.

"உன் மேல கோவம்டா."

"தெரியும் கேப்டன்."

"என்ன தெரியும் உனக்கு? எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் நேத்துதான் நிம்மதியா தூங்கினேன். நீங்க எல்லாம் கிளம்பப் போறீங்க, நான் குறட்டை விட்டிருக்கேன். அதுக்குத்தான் கோவம்." அங்கிருந்த காலிக் கோப்பையைக் கையில் எடுத்தார். "என்னைக் கரையேத்திட்ட. உன்னை யாருடா கரையேத்துவா?"

மேலே கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் சத்தம் கேட்டது. புதுக் கேப்டனின் குரல், கணீரென்று இருந்தது.

சமையற்காரன் கேப்டனைத் தொடுவது அந்தக் கடற்படையில் நடக்காத காரியம். ஒன்னோ அவர் முதுகில் கைவைத்து ஏணிப் பக்கம் தள்ளினான்.

"நேரமாச்சு. ஏறுங்க பெருசு."